மறு: மூளைச் சிரை அடைப்புக்குத் தமிழ்ச்சொல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

மூளையிலிருந்து குருதியை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்களில், அதாவது சிரைகளில், குருதி உறைந்து அடைத்துக்கொள்ளும் நோயை ஆங்கிலத்தில் 'செரிப்ரல் வீனஸ் சைனஸ் திராம்போசிஸ்' என்பார்கள். அதைப் பற்றி நோயாளிகளுக்கான துண்டறிக்கை நாளை அச்சுக்குப் போகிறது. அதனால் இந்தப் பெயரைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று வந்த பரிந்துரைகளைப் பற்றி என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன்.

> சைனஸ் என்றே எழுதலாமே, எல்லாருக்கும் தெரிந்ததுதானே.

தெரிந்திருப்பதுதான் சிக்கல். சைனஸ் என்றதும் மூக்கடைப்பும் ஆவி பிடிப்பதும்தான் நினைவுக்கு வரும். இந்த நோயில் பத்தில் ஒன்பது பேருக்குத் தலைவலி உண்டு. 'சைனஸ் தலைவலிதான்' என்று ஒருவர் மாத்திரை போட்டுப் படுத்துவிட்டால் என்ன ஆவது?

> சைனஸ் என்பதன் இலத்தீன் மூலத்துக்கு வளைவு, குடா என்று பொருள். ஆகவே சிரைக்குடா.

மூலத்துக்குப் பொருந்துகிறது, உறுப்புக்குப் பொருந்தவில்லை. குடாவில் நீர் நிற்கும். இங்கே குருதி ஓட வேண்டும். மூளையின் தடித்த வெளியுறை இரண்டு அடுக்காகப் பிரியும் இடத்தில் உள்ள வடிகால் இது. வால்வு கிடையாது, தசைச்சுவரும் கிடையாது. அதனால் 'புழை' என்பதே என் தேர்வு. உள்ளே துளை இருப்பதால்தானே யானையின் துதிக்கை புழைக்கை ஆனது! (அந்த உறைக்கு 'வன்றாயி', அதாவது வன்மையான தாய், என்ற பெயர் இருப்பதையும் மறந்துவிடாதீர்கள். அரபு மருத்துவர்கள் அதைத் தாய் என்றார்கள், அது இலத்தீனுக்குப் போய் நம்மிடம் வந்திருக்கிறது. தனி இழையில் பேசுவோம்.)

'சிரை' வடசொல், அதை மாற்ற வேண்டும் என்ற மறுப்பும் வந்தது. வடசொல் என்பது சரி. ஆனால் 'நாளம்' என்று மாற்றினால் தமிழ்நாட்டில் எல்லாக் குருதிக்குழாயையும் குறிக்கும், இலங்கையில் சிரையை மட்டும். குழப்பம் கூடும்.

உறைந்த குருதிக்கு 'உறைகட்டி' என்ற பரிந்துரையை நான் ஏற்கவே மாட்டேன். மூளையில் கட்டி என்று படித்தவர் புற்றுநோய் என்றே பயப்படுவார். உறைவு போதும்.

> கை கால் விழாதபோது பக்கவாதம் என்பது தவறு.

உண்மை, சிலருக்கு வலிப்போ பார்வை மங்கலோதான் வரும். ஆனாலும் 'அரிய வகைப் பக்கவாதம்' என்ற தொடர் இருக்கட்டும். உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும் என்பது அந்த ஒரு சொல்லில் புரிந்துவிடுகிறது. இதைப் படிக்கப்போகிறவர்களில் பிள்ளை பெற்றுச் சில வாரமே ஆனவர்களும் கருத்தடை மாத்திரை எடுப்பவர்களும் இருப்பார்கள். அவர்களுக்குத்தான் இந்த ஆபத்து கூடுதல்.

ஆகவே தலைப்பில் 'மூளையின் வடிகாலில் இரத்த உறைவு', அடைப்புக்குறிக்குள் 'மூளைச் சிரைப்புழை உறைவு'. பெரும்பாலானோர் இதற்குத்தான் தலையசைத்திருக்கிறீர்கள். 'இரத்தம்' கூடாது, 'குருதி'யே வேண்டும் என்ற நண்பர் இன்னும் இசையவில்லை. மாணவர்களுக்கான பாடநூலில் நானும் குருதி என்றே எழுதுவேன்; துண்டறிக்கையில் மாட்டேன். வேறு மறுப்பு இருந்தால் இன்று இரவுக்குள் எழுதுங்கள்.