சிறுநீரில் என்ஏஜி: இரத்தத்திலிருந்து வடிகிறதா, சிறுநீரகத்திலிருந்தே வருகிறதா?

நுண்ணோக்கி:
பாலாறு ஐயா நேற்று வேறொரு திரியில், "கிரியேட்டினின் 1.0 என்றால் கிட்னி பத்திரம், சிறுநீரில் என்ஏஜி என்சைம் பார்ப்பது வீண் செலவு, அது இரத்தத்திலிருந்து வடிந்து வருவதுதான்" என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார். நாலு பேர் அதை நம்பிப் பகிர்ந்தும் விட்டார்கள். கிரியேட்டினின் என்பது சிறுநீரகம் இரத்தத்திலிருந்து வெளியேற்றும் கழிவு; வடிகட்டும் திறன் பாதி குறையும்வரைகூட அது இயல்பு எல்லைக்குள்ளேயே நிற்கலாம். என்ஏஜி, சிறுநீரகக் குழல் (வடிகட்டிய நீர் ஓடும் நுண்குழாய்) செல்லின் லைசோசோமுக்குள், அதாவது செல்லின் செரிமானப் பைக்குள், இருக்கும் என்சைம். அதன் மூலக்கூறு எடை 1,30,000 டால்டன் அளவு. அவ்வளவு பெரியதைச் சிறுநீரக வடிகட்டி கீழே இறங்க விடாது. அது சிறுநீரில் கூடினால் குழல் செல் அடிவாங்குகிறது என்று அர்த்தம். இரத்தத்திலிருந்து வருவதில்லை.

பாலாறு:
இரத்தப் புரதமான அல்புமினின் எடை 66,000 டால்டன். அதையும் வடிகட்டி விடாது என்றுதான் பாடம். சர்க்கரை நோயாளிக்கு அல்புமின் இறங்குகிறதே, எப்படி? சல்லடை கிழிந்தால் பெரியதும் விழும். லேபில் இருப்பவர்களுக்கு லேப் டெஸ்ட்மேல் பாசம் இருக்கத்தான் செய்யும்.

நுண்ணோக்கி:
66,000 எங்கே, 1,30,000 எங்கே! சரி, சல்லடை கிழியாத ஆளைப் பார்ப்போம். ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் ஊசி போடுகிறார்கள். சில நாளிலேயே என்ஏஜி ஏறுகிறது, கிரியேட்டினின் அசையவே இல்லை. அந்த என்ஏஜி எங்கிருந்து வந்தது?

பாலாறு:
நான் சர்க்கரை நோயாளியைப் பற்றிக் கேட்டேன், நீங்கள் ஊசிக்கு ஓடுகிறீர்கள். 66,000 எப்படி இறங்கியது என்று முதலில் சொல்லுங்கள்.

வார்டு செவிலி:
நுண்ணோக்கி சார், சர்க்கரை, இரத்த அழுத்தம், ஈயம், காட்மியம், ஊசி மருந்து எல்லாவற்றுக்கும் என்ஏஜி ஏறும். ஏறியிருக்கிறது என்று தெரிந்த பிறகு மருத்துவர் என்ன எழுதுவார்? எங்கள் வார்டில் இதுவரை ஒருவரும் இதை எழுதிக் கேட்டதில்லை. இரத்தக் கிரியேட்டினினும், சிறுநீரில் அல்புமின்-கிரியேட்டினின் விகிதமும் போதும்.

நுண்ணோக்கி:
போதாது அம்மா. ஜப்பானில் ஜின்சு ஆற்றங்கரையில் சுரங்கக் காட்மியம் வயலில் இறங்கி, அரிசி வழியாக உடம்புக்குள் போனது. 1968-இல் அந்த அரசே அதை மாசு நோய் என்று ஒப்புக்கொண்டது. காட்மியம் முதலில் தாக்குவது குழலைத்தான், அதனால் பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் என்ற சிறு புரதம், என்ஏஜி இரண்டையும் சிறுநீரில் பார்ப்பார்கள். இலங்கையில் அனுராதபுரம், மெதவாச்சி பக்கம் சர்க்கரையே இல்லாத விவசாயிகளுக்குச் சிறுநீரகம் கெடுகிறது. அங்கும் அடி குழலில்தான், ஆரம்பத்தில் அல்புமின் அதிகம் இறங்காது. உங்கள் அல்புமின் விகிதத்தை நம்பினால் அவர்கள் நோய் கண்ணில் படாமலே போய்விடும்.

குளக்கட்டு:
அண்ணை, ஜப்பானையும் எங்களையும் ஒரே மூச்சில் சொல்லாதேங்கோ. வவுனியாவிலயும் இந்த வருத்தம் இருக்கு. காட்மியம் எண்டும் சொன்னவை, கிணத்துத் தண்ணி, புளோரைட்டு, பூச்சிமருந்து, வெயில் எண்டும் சொன்னவை. ஒண்டும் முடிவாகேல்லை.

நுண்ணோக்கி:
காரணம் காட்மியம் என்று நான் எழுதவே இல்லை. குழலில் அடி என்றுதான் எழுதினேன். மறுபடி படியுங்கள்.

குளக்கட்டு:
படிச்சுட்டுத்தான் எழுதினனான்.

பாலாறு:
2008-இல் அமெரிக்க, ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புகள் சிறுநீரகப் பாதிப்பைக் காட்டும் புரதங்களாகச் சிறுநீரில் பார்க்க ஏழு குறியீடுகளை ஏற்றுக்கொண்டன. கிம்-1, அல்புமின், கிளஸ்டரின் எல்லாம் உண்டு. என்ஏஜி இல்லை. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

நுண்ணோக்கி:
அது எலியில் மருந்து சோதிப்பதற்கான பட்டியல். 2018-இல் மனிதர்களிடம் நடக்கும் மருந்துச் சோதனைக்கு அமெரிக்கா ஆறு குறியீடுகளை ஏற்றது, அதில் என்ஏஜி இருக்கிறது. பாதியைச் சொல்லி மீதியை விழுங்குவது உங்களுக்குப் பழக்கம். தண்ணீர் குடிக்கும் திரியிலும் இதேதான் செய்தீர்கள்.

பாலாறு:
மருந்துச் சோதனைக்கு ஏற்றார்கள், வார்டுக்கு ஏற்கவில்லை. தண்ணீர்த் திரியில் கடைசியில் பதில் சொல்லாமல் போனது யார் என்று எல்லோருக்கும் தெரியும்.

வார்டு செவிலி:
காலையில் பிடித்த சிறுநீர் மத்தியானம்வரை வெயிலில் கிடக்கும். இதில் என்சைம் வேறு.

நுண்ணோக்கி:
அது டெஸ்ட்டின் குறை இல்லை, எடுத்து வைப்பவர் குறை. சிறுநீர் காரமானால் என்ஏஜி செயலிழக்கும், ஜிஜிடி என்ற இன்னொரு குழல் என்சைமை மைனஸ் 20 டிகிரியில் உறையவைத்தாலே கெட்டுவிடும். உடனே ஐஸில் வைத்து அனுப்பச் சொல்லுங்கள்.

வார்டு செவிலி:
குறை எங்கள் மீதா? அறுபது படுக்கைக்கு இரண்டு பேர் நிற்கிறோம். ஒரு நாள் வந்து நின்று பாருங்கள் சார்.

நுண்ணோக்கி:
படுக்கைக் கணக்கு வேறு திரியில். பாலாறு ஐயா, ஜென்டாமைசின் கேள்விக்குப் பதில் இன்னும் வரவில்லை. 1,30,000.

பாலாறு:
66,000.