திம்பம் ஏறினாலே வாந்தி: இஞ்சி கேட்குமா?

கோபிக்காரி கேட்டது:

எங்க வீட்டுக்காரருக்குச் சொந்த ஊர் தாளவாடிப் பக்கம். நாங்கள் இருப்பது கோபியில். அடிக்கடி பஸ்ஸில் திம்பம் மலைப்பாதை ஏற வேண்டியிருக்கிறது. பையனுக்கு எட்டு வயது. பண்ணாரி வரைக்கும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வருவான். மூணு நாலு வளைவு தாண்டியதும் பேச்சு நின்றுவிடும், எச்சில் ஊறும், முகம் வெளுக்கும், அப்புறம் என் மடியிலேயே எடுத்துவிடுவான். மொத்தம் 27 கொண்டை ஊசி வளைவு, நினைத்துப் பாருங்கள்.

மாத்திரை போட்டால் ஆசனூர் தாண்டியும் தூங்கி வழிகிறான். மாமியார் சொன்னாரென்று போன தடவை பண்ணாரியில் இஞ்சிச் சாறு கொடுத்தேன். அதையும் சேர்த்தே வெளியே தள்ளிவிட்டான். அடுத்த மாதம் ஒரு விசேஷத்துக்குத் தம்பி மனைவியும் எங்களோடு ஒட்டுக்கா வருகிறாள். அவளுக்கு இது மூணாவது மாதம், காலையில் எழுந்தாலே ஓங்கரிப்பு. இஞ்சி உண்மையிலேயே கேட்குமா, இல்லை சும்மா பெரியவர்கள் சொல்வதுதானா?

சத்தி மருந்துக்கடை:

ஏனுங்க அம்மிணி, பண்ணாரியில் கொடுத்தால் எப்படிங்க கேட்கும்? அங்கேயிருந்துதான் மலையே ஆரம்பம். குமட்டல் கிளம்பிய பிறகு உள்ளே போவது எதுவானாலும் வந்த வழியே திரும்பும். சத்தியமங்கலத்தில் நாட்டு மருந்துக் கடை வைத்திருக்கிறேன். மலைக்குப் போகிறவர்கள் வந்து நின்றால் முதலில் கேட்பது சுக்குதான். அவர்களுக்கு நான் சொல்வதையே உங்களுக்கும் சொல்கிறேன்: பஸ் ஏறுவதற்கு அரை மணி நேரம் முன்னாலேயே இஞ்சி வயிற்றில் இருக்க வேண்டும்.

வெறும் வயிற்றில் வேண்டாம், எரியும். ரெண்டு இட்லி போதும். பூரி கிழங்கு சாப்பிட்டுவிட்டு ஏறினால் என் கடைச் சரக்கு எதுவும் காப்பாற்றாது. சிறுசுகளுக்குச் சாறும் வேண்டாம், காரம் தொண்டையைப் பிடிக்கும். இஞ்சி மொரப்பா ஒரு சின்னத் துண்டு வாயில் அடக்கிக்கொள்ளட்டும்.

பச்சை இஞ்சியின் காரத்துக்குக் காரணம் ஜிஞ்சரால். காயும்போது அதில் ஒரு பங்கு ஷோகாலாக மாறும், அதற்குக் காரம் இன்னும் அதிகம். ஆகவே சுக்கு என்றால் அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள். வாங்கும்போது வெளுப்பைப் பார்த்து ஏமாற வேண்டாம், பல சமயம் அது சுண்ணாம்பு. ஒடித்தால் டக்கென்று முறிய வேண்டும், வாசம் மூக்கில் ஏற வேண்டும். அஞ்சு கிலோ இஞ்சி காய்ந்தால் ஒரு கிலோ சுக்குத் தேறும். அடிமாட்டு விலைக்கு யாராவது கொடுத்தால் வண்டு துளைத்திருக்கிறதா என்று பாருங்கள். தோலைச் சுரண்டிவிட்டு இடியுங்கள். சுக்குக்குப் புறநஞ்சு என்பார்கள். நஞ்சோ இல்லையோ, மண்ணும் சுண்ணாம்பும் அந்தத் தோலில்தான் இருக்கின்றன.

ஈரோட்டு நர்ஸ்:

கடைக்கார அண்ணன் சொன்ன நேரக் கணக்கு சரி. ஆனால் பயண வாந்திக்கு இஞ்சி நிச்சயம் கேட்கும் என்று நான் சொல்ல மாட்டேன். 1982-ல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு ஆய்வு வந்தது. சுழல்கிற நாற்காலியில் மாணவர்களை உட்கார வைத்துப் பார்த்ததில் மாத்திரையைவிட இஞ்சிப்பொடி நன்றாகத் தாங்கியது. பின்னால் வந்த ஆய்வுகள் சிலவற்றில் பலன் தெரிந்தது, சிலவற்றில் தெரியவில்லை. வளைவில் உடம்பு திரும்புவதை உள்காது சொல்கிறது, சீட்டையே பார்த்துக்கொண்டிருக்கும் கண் அசைவே இல்லை என்கிறது. இந்தக் குழப்பத்தில்தான் குமட்டல் கிளம்புகிறது. இஞ்சி வேலை செய்வது பெரும்பாலும் வயிற்றில், காதில் இல்லை.

மசக்கைக்குத்தான் இஞ்சிக்குக் கொஞ்சம் பலமான ஆதாரம் இருக்கிறது. ஆய்வுகளில் பெரும்பாலும் நாளைக்கு 1 கிராம் சுக்குப்பொடி, அதையும் மூணு நாலு வேளையாகப் பிரித்துத்தான் கொடுத்தார்கள். அரை டீஸ்பூன் ஏறக்குறைய அந்த அளவு வரும். குமட்டல் குறைகிறது, வாந்தி அவ்வளவாகக் குறைவதில்லை. தம்பி மனைவி தன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுத்துக்கொள்ளட்டும். தண்ணீர்கூட நிற்கவில்லை, சிறுநீர் குறைகிறது, எடை இறங்குகிறது என்றால் இஞ்சியை நம்பிக்கொண்டிருக்கக் கூடாது. டிரிப்ஸ் ஏற்ற வேண்டிய நிலை அது.

பழைய டிரைவர்:

பையனை முன் வரிசையில் உட்கார வைத்து ரோட்டைப் பார்க்கச் சொல்லுங்க. செல்போனைக் கையில் கொடுக்காதீங்க. கடைசி சீட்டு வேண்டவே வேண்டாம், வளைவில் தூக்கி அடிக்கும்.

கோபிக்காரி:

செல்போனில் கேம் விளையாடிக்கொண்டேதான் வருவான்! எல்லாருக்கும் நன்றிங்க. இன்னொரு சந்தேகம். இருதய வால்வு மாற்றிய மாமியார், ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறார். அவரும் தினம் காலையில் அரை டம்ளர் இஞ்சிச் சாறு குடிக்கிறார். பரவாயில்லையா?

ஈரோட்டு நர்ஸ்:

பரவாயில்லை என்று விட்டுவிடாதீர்கள். குழம்பிலும் டீயிலும் போடும் இஞ்சி வேறு, தினம் அரை டம்ளர் சாறு வேறு. அந்த மாத்திரையோடு இஞ்சி அதிகம் சேர்ந்தால் ரத்தக்கசிவு ஆகலாம் என்பதால் டாக்டர்கள் எச்சரிப்பார்கள். சாற்றை இப்போதைக்கு நிறுத்தச் சொல்லுங்கள். மாத்திரையை மட்டும் அவராக நிறுத்திவிடக் கூடாது. அடுத்து ஐஎன்ஆர், அதாவது ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் டெஸ்ட், பார்க்கப் போகும்போது இதை டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் குடிப்பவர்கள்தான் அதிகம். கேட்டால் "இஞ்சிதானே" என்பார்கள்.

சத்தி மருந்துக்கடை:

நர்ஸ் அம்மா சொல்வதைக் கேளுங்க. கடைக்கு வருகிறவர்களிடம் நானும் முதலில் என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றுதான் விசாரிப்பேன்.

பையனுக்கு மொரப்பா வீட்டிலேயே செய்யலாம். நார் இல்லாத பிஞ்சு இஞ்சி 100 கிராம், தோல் சீவி, கொஞ்சம் தண்ணீர் விட்டு அரைத்துப் பிழியுங்கள். கால் மணி நேரம் அசைக்காமல் வைத்தால் அடியில் வெள்ளையாக மாவு படியும். மேலே தெளிந்ததை மட்டும் இறுத்துக்கொள்ளுங்கள். கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரை, பழனி பஞ்சாமிர்தத்துக்குப் போகிறதே அதுதான், கால் கிலோ சேர்த்துக் காய்ச்சுங்கள். தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் கையில் உருட்ட வர வேண்டும். ஏலக்காய் தட்டிப் போட்டு, நெய் தடவிய தட்டில் ஊற்றி, சூடு ஆறுவதற்குள் கீறிவிடுங்கள். ஆறவிட்டால் சுத்தியல்தான் எடுக்கணும். சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு இது ஆகாது, அவர்கள் ஒரு சிட்டிகை சுக்குப்பொடியை வெந்நீரில் போட்டுக் குடிக்கட்டும்.