60 லிட்டர் கடல்நீர்த் தொட்டிக்கு எந்த வடிகட்டி?

கேள்வி (மயிலாடுதுறை)

வணக்கம். எட்டு ஆண்டுகளாக நன்னீர் மீன் வளர்க்கிறேன். இப்போது இரண்டடித் தொட்டி ஒன்றைக் கடல்நீருக்கு மாற்ற ஆசை. அளவு 60 × 30 × 36 செ.மீ.; கல், மணல் போக 55 லிட்டர் நிற்கும். ஒரு ஜோடி கோமாளி மீன், கொஞ்சம் மென்பவளம், அவ்வளவுதான். கையில் பழைய கேனிஸ்டர் பில்டர் (தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய டப்பா வடிகட்டி) இருக்கிறது, உள்ளே நிறைய பீங்கான் வளையங்கள். புரோட்டீன் ஸ்கிம்மர் (கழிவை நுரையாக்கி வெளியேற்றும் கருவி) இல்லாமல் பவளம் பிழைக்காது என்கிறார் கடைக்காரர். அதையும் வாங்கினால் மீனுக்குக் காசு மிஞ்சாது. தரங்கம்பாடி பக்கம்தான், கடல்நீரையே கேனில் பிடித்து வந்துவிடலாமா? எங்கள் தெருவில் அடிக்கடி மின்சாரம் போகும், அதையும் கணக்கில் வைத்துச் சொல்லுங்கள்.

பதில் (வேதாரண்யம்)

தம்பி, நீங்கள் கடைசியில் எழுதியதைத்தான் நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். 2018 நவம்பரில் கஜா புயல் கரையேறிய மறுநாள் மாலை, பக்கத்து வீட்டு ஜெனரேட்டரிலிருந்து ஒரு ஒயர் இழுத்து என் கேனிஸ்டரை ஓடவிட்டேன். குழாய் வாயிலிருந்து முதலில் சாம்பல் நிறத்தில் தண்ணீர் வந்தது. கூடவே அழுகிய முட்டை நாற்றம். இரவு பத்து மணிக்கு இரண்டு கோமாளிகளும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. விடியும்போது இரண்டும் இல்லை. ஐந்து ஆண்டுகள் என் கையில் இரை எடுத்த மீன்கள்.

மூடிய டப்பாவுக்குள் தண்ணீர் ஓட்டம் நின்றால் சில மணி நேரத்திலேயே உள்ளே உயிர்வளி தீர்ந்துவிடும். நல்ல நுண்ணுயிர்கள் மடியும், அழுக்கு அழுகும். மின்சாரம் வந்ததும் அத்தனையும் தொட்டிக்குள் கொட்டும். ஆறு மணி நேரம் மின்சாரம் இல்லாவிட்டாலே கேனிஸ்டரைத் திறந்து, கழுவிவிட்டுத்தான் மறுபடி ஓட்ட வேண்டும்.

பீங்கான் வளையங்களில் இன்னொரு சங்கடமும் உண்டு. அவற்றில் குடியேறும் நுண்ணுயிர்கள் மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும், நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும், பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். நன்னீரில் மிஞ்சும் நைட்ரேட்டைச் செடிகள் உண்ணும். இங்கே செடி இல்லை. நுண்துளை நிறைந்த கல்லின் ஆழத்தில், உயிர்வளி எட்டாத இடத்தில் வாழும் வேறு நுண்ணுயிர்கள்தான் நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி வெளியேற்றுகின்றன. ஆகவே உங்கள் முதல் வடிகட்டி கல். ஐந்தாறு கிலோ போதும், நீர் சுற்றிவர இடம் விட்டு அடுக்குங்கள்.

கருவி என்று ஒன்று வேண்டுமென்றால், தொட்டியின் விளிம்பில் தொங்கவிடும் சிறிய பில்டர் வாங்குங்கள். மேலே திறந்திருப்பதால் எட்டிப் பார்த்தாலே அழுக்கு தெரியும். உள்ளே பஞ்சு மட்டும் வையுங்கள். மூன்று நாளுக்கு ஒருமுறை அதை மாற்றியே ஆக வேண்டும்; தவறினால் அதுவும் இன்னொரு கேனிஸ்டர்தான். கூடவே பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று. ஸ்கிம்மர் இந்த அளவுக்குக் கட்டாயமில்லை. அந்தப் பணத்தை உப்புக்கும் ஆர்ஓ தண்ணீருக்கும் வையுங்கள். வாரம் ஆறு லிட்டர் மாற்றினால், ஒரு முறைக்கு ஏறக்குறைய 220 கிராம் கடல் உப்புக் கலவை ஆகும். எங்கள் ஊர் உப்பளத்து உப்பு கூடாது, அது பெரும்பாலும் சோடியம் குளோரைடு. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 400 மில்லிகிராம் கால்சியமும் 1,300 மில்லிகிராம் மக்னீசியமும் இருக்கின்றன. பவளத்துக்கு அவையும் வேண்டும்.

கரையோரக் கடல்நீரை நான் பயன்படுத்துவதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் ஆறுகளெல்லாம் கலந்து உப்பளவு இறங்கிவிடும். இறால் பண்ணைக் கழிவும் சேரும்.

பதில் (தஞ்சாவூர்)

அண்ணன் சொன்னதில் ஸ்கிம்மரை மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். வெல்லப் பாகு காய்ச்சும்போது அழுக்கு நுரையாக மேலே திரளும், கரண்டியால் வழித்து எடுப்போம் அல்லவா, அதே வேலைதான். பொடிப்பொடியான காற்றுக்குமிழியில் புரதக் கழிவு ஒட்டிக்கொண்டு ஏறும். அழுகுவதற்கு முன்பே வெளியேறும். என் ஸ்கிம்மர் கோப்பையில் இரண்டு நாளில் டிகாஷன் நிறத்தில் அரை டம்ளர் சேர்கிறது. அது தொட்டியிலேயே தங்கியிருந்தால்? சித்திரை வெயிலில் தண்ணீர் சூடேறும்போது உயிர்வளி குறையும். ஸ்கிம்மர் காற்றையும் கலந்து கொடுக்கிறது. முதல் மாதமே வேண்டாம், கோடைக்கு முன் வாங்கிவிடுங்கள். வெயில் நாளில் ஆவியாகும் அளவுக்கு நல்ல தண்ணீரை மட்டும் தினமும் ஊற்றுங்கள். உப்பு ஆவியாவதில்லை, உப்புநீரே ஊற்றினால் உப்பளவு ஏறிவிடும்.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. கேனிஸ்டரை ஓரம் வைத்துவிட்டேன். கல்லுக்கு ஒரு வழி இருக்கிறது: ராமேஸ்வரத்தில் மாமா வீடு, கரையில் ஒதுங்கும் பவளக் கல்லை மூட்டையில் அனுப்பிவிடுகிறேன் என்கிறார்.

பதில் (வேதாரண்யம்)

வேண்டாம் தம்பி, மாமாவிடம் இன்றே சொல்லிவிடுங்கள். கல் பவளங்கள் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. செத்த பவளத்தை எடுத்தாலும் வழக்குதான். மன்னார் வளைகுடாவில் ஒரு காலத்தில் சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி வெட்டித் தீவின் கரையே கரைந்தது. நாமும் அந்தக் கணக்கில் சேரக் கூடாது. நுண்துளை உள்ள செயற்கைக் கல் கடைகளில் கிடைக்கிறது. புட்டி நுண்ணுயிர்க் கலவை ஊற்றி நான்கு முதல் ஆறு வாரம் காத்திருங்கள். மென்பவளம் வாங்கும்போதும் எங்கிருந்து வந்தது என்று கேட்டு, ரசீதோடு வாங்குங்கள். ஜோவாந்திட் என்று கடையில் விற்கும், பொத்தான் போன்ற பவள வகையைக் கையுறை இல்லாமல் தொட வேண்டாம், சிலவற்றில் கடும் நஞ்சு உண்டு.

அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஒரு வாரம் தொடர்ந்து பூஜ்யம் காட்டினால் இங்கே எழுதுங்கள். மீனைப் பற்றி அப்போது பேசுவோம்.