ரோரி கேலகரை இன்று யார் கேட்கிறார்கள் என்றவருக்கு

ஆறுகம்பி:
கிட்டார் கலைஞர் கேரி மூர் பற்றிய திரியில் நேற்று ஒருவர் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்: "ரோரி கேலகரா? கிட்டார் மேதை ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் சொல்லாத ஒரு வசனத்தை வைத்துப் பிழைக்கும் பெயர். இன்று யார் கேட்கிறார்கள்?" படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. அதனால்தான் தனித் திரி.

ரோரி கிட்டார் கலைஞர், பாடகர். அயர்லாந்தில் பாலிஷானனில் பிறந்து கார்க் நகரில் வளர்ந்தவர். 15 வயதில், 1963இல், ஒரு பழைய ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரைத் தவணையில் வாங்கி, சாகும் வரை அதையே வாசித்தார். 1970களின் தொடக்கத்தில் மெலடி மேக்கர் இசைப் பத்திரிகையின் வாசகர் வாக்கெடுப்பில் எரிக் கிளாப்டனையே முந்தியவர். 1995இல் இறந்தார், வயது 47. 2010இல் பிறந்த ஊரில் சிலை, 2025இல் வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டில் அல்ஸ்டர் ஹால் அரங்கின் வாசலில் இன்னொரு சிலை. யாரும் கேட்காத ஆளுக்கு ஊர் ஊராகச் சிலை வைப்பார்களா?

ஆதாரம்_எங்கே:
அந்த 'ஒருவர்' நான்தான். பெயர் சொல்லியே திட்டலாம், பரவாயில்லை.
சிலை, வாக்கெடுப்பு எல்லாம் இருக்கட்டும். நான் கேட்டது ஒன்றுதான். "உலகின் தலைசிறந்த கிட்டார் கலைஞராக இருப்பது எப்படி இருக்கிறது?" என்று கேட்டதற்கு "தெரியாது, ரோரி கேலகரைக் கேளுங்கள்" என்று ஹெண்ட்ரிக்ஸ் சொன்னாராம். எந்த நிகழ்ச்சி? எந்த ஆண்டு?

ஆறுகம்பி:
1970, இங்கிலாந்தின் ஐல் ஆஃப் வைட் இசை விழா. ரோரியின் டேஸ்ட் குழுவும் ஹெண்ட்ரிக்ஸும் ஒரே மேடை. அங்கே கேட்டிருப்பார், சொல்லியிருப்பார். இதில் என்ன அதிசயம்?

ஆதாரம்_எங்கே:
'இருப்பார்', 'இருப்பார்'. டேஸ்ட் வாசித்தது வெள்ளிக்கிழமை. ஹெண்ட்ரிக்ஸ் மேடையேறியது ஞாயிறு நள்ளிரவு தாண்டி. மூன்றே வாரத்தில் இறந்தும் போனார். இடையில் எந்தப் பேட்டியில் சொன்னார்? அப்புறம் இன்னொன்று: இதே கதையை ஃபில் கீகி என்ற கிட்டார்காரர் பெயரிலும் சொல்கிறார்கள், சிகாகோ என்ற ராக் குழுவின் டெர்ரி காத் பெயரிலும் சொல்கிறார்கள். கேள்வி அதே, பதில் அதே, ஆள் மட்டும் மாறுகிறார். ஹெண்ட்ரிக்ஸ் என்ன, பார்க்கிறவர்களுக்கெல்லாம் சான்றிதழ் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தாரா?

பழைய_இசைத்தட்டு:
தம்பி ஆதாரம், போன மாதம் ப்ளூஸ் பாடகர் ராபர்ட் ஜான்சன் திரியிலும் இப்படித்தான் கேள்வி கேட்டே எல்லோரையும் விரட்டினீர்கள். திரியே பூட்டப்பட்டது. மறக்கவில்லை.

ஆதாரம்_எங்கே:
ஐயா, நாற்சந்தியில் சாத்தானிடம் ஆன்மாவை விற்றார் என்று வரலாறு மாதிரி எழுதியது நீங்கள். திரி பூட்டப்பட்டது என்னாலா?

பழைய_இசைத்தட்டு:
கதை என்றுதான் எழுதினேன். போய்ப் படியுங்கள்.

ட்யூப்_ஆம்ப்:
கிட்டாரைப் பற்றிப் பேசலாமா? 1961 மாடல், சன்பர்ஸ்ட் வண்ணம். வியர்வையில் பெயிண்ட் உரிந்து பாதி மரம் வெளியே தெரிந்தது. ஃபெண்டர் நிறுவனம் அதே தேய்மானத்தோடு நகல் செய்து விற்கிறது. என் நண்பர் ஒன்று வைத்திருக்கிறார், கேட்டால் கண்ணில் நீர் வரும்.

ஆறுகம்பி:
வியர்வை சிந்தியது அவர், விலை கொடுப்பது உங்கள் நண்பரா? அசல் கிட்டார் 2024இல் லண்டனில் ஏலம் போய், இப்போது அயர்லாந்து தேசிய அருங்காட்சியகத்துக்குச் சொந்தம். தொழிற்சாலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததை வைத்துக்கொண்டு ரோரி ரசிகன் என்று சொல்லாதீர்கள்.

ட்யூப்_ஆம்ப்:
உங்களிடம் என்ன கிட்டார் இருக்கிறது என்று சொல்லுங்கள், பிறகு பேசலாம்.

ஆறுகம்பி:
அது இந்தத் திரிக்குத் தேவையில்லை. தேவையானதைச் சொல்கிறேன். 1970களில் பெல்ஃபாஸ்டில் குண்டு வெடித்துக்கொண்டிருந்தது. பெரிய குழுக்கள் அந்த ஊர்ப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. ரோரி வந்தார், திரும்பத் திரும்ப வந்தார். தெருவில் ஒருவரையொருவர் நம்பாத கத்தோலிக்கப் பிள்ளைகளும் புராட்டஸ்டண்ட் பிள்ளைகளும் அல்ஸ்டர் ஹாலுக்குள் தோளோடு தோள் நின்று கேட்டார்கள். பெல்ஃபாஸ்ட், டப்ளின், கார்க் மூன்று ஊர்ப் பயணத்தில் பிறந்ததுதான் 'ஐரிஷ் டூர் 74' ஆல்பம். அதைப் போட்டுக் கேளுங்கள். ஸ்டுடியோ மெருகு கிடையாது. ஜெரி மெக்காவாயின் பேஸ் கிட்டார் பின்னால் நெட்டித் தள்ள, ரோரி பாடுவதை விட்டுவிட்டுக் கிட்டாரில் பதில் சொல்வார். மனிதர் கட்டம்போட்ட சட்டையில் வந்து வாசித்துவிட்டுப் போனார். அந்த நகரம் 50 ஆண்டு கழித்தும் நன்றி மறக்கவில்லை. இது புகழ் இல்லை என்றால் எது புகழ்?

அப்புறம் பிரையன் மே. குவீன் குழுவின் அந்தக் கிட்டார் ஒலி எங்கிருந்து வந்தது? வாக்ஸ் ஏசி30 ஆம்ப்ளிஃபையர், அதற்கு முன்னால் உச்ச ஒலியைத் தூக்கிக் கொடுக்கும் ஒரு ட்ரெபிள் பூஸ்டர். ரோரியிடமே நேரில் கேட்டுத் தெரிந்துகொண்டதாக மே பலமுறை சொல்லியிருக்கிறார். ரோரியைக் கேட்டு வளர்ந்த கிட்டார்காரர்கள் ஜானி மார், ஸ்லாஷ் என்று இன்னும் வரிசை நீளும்.

ஆதாரம்_எங்கே:
அருமையான கட்டுரை. ஹெண்ட்ரிக்ஸ் எந்த ஆண்டு சொன்னார்?

சும்மா_வந்தவன்:
சண்டைக்கு நடுவில் மன்னிக்கவும். இவர் ப்ளூஸா ராக்கா? கேரி மூரைவிடப் பெரியவரா?

ஆறுகம்பி:
ப்ளூஸ் மேதை மடி வாட்டர்ஸ் 1970களின் தொடக்கத்தில் லண்டனில் ஒலிப்பதிவுக்கு வந்தபோது கூட வாசித்தவர் ரோரி. இதற்கு மேல் என்ன ப்ளூஸ்? கேரி மூர் பேச்சை இங்கே எடுக்க வேண்டாம்.

பழைய_இசைத்தட்டு:
ஏன் எடுக்கக் கூடாது? மூர் பெல்ஃபாஸ்டிலேயே பிறந்தவர். வெளியூர்க்காரர் வந்து வாசித்தால் தியாகம், உள்ளூர்க்காரர் வாசித்தால் கணக்கில் இல்லையா?

ஆறுகம்பி:
ஐயா, நீங்கள் என் பக்கம் என்று நினைத்தேன்.

பழைய_இசைத்தட்டு:
நான் யார் பக்கமும் இல்லை. கேசட் காலத்திலிருந்து கேட்கிறேன். ரோரி பெரிய ஆள். ஆனால் கடைசிவரை ஒரு ஹிட் சிங்கிள் (தனிப்பாடல் தட்டு) கிடையாது, அதையும் சொல்ல வேண்டும்.

ஆறுகம்பி:
சிங்கிள் வேண்டாம் என்றவர் அவர்! கிட்டார்காரர் மிக் டெய்லர் விலகியதும் ரோலிங் ஸ்டோன்ஸ் 1975 ஜனவரியில் இவரை ரோட்டர்டாமுக்குக் கூப்பிட்டார்கள். போய்ச் சில இரவுகள் வாசித்தார். ஜப்பானில் கச்சேரி ஒப்புக்கொண்டிருந்ததால் கிளம்பிவிட்டார். ஸ்டோன்ஸுக்காகக் காத்துக்கிடக்காத ஆளிடம் போய் ஹிட் எங்கே என்று கேட்கிறீர்கள்.

ஆதாரம்_எங்கே:
ரோட்டர்டாம் போனதை நான் மறுக்கவில்லை. அதற்குச் சாட்சி இருக்கிறது. மே சொன்னதற்கும் இருக்கிறது. ஹெண்ட்ரிக்ஸுக்கு மட்டும் இல்லை. அதை விட்டுவிட்டுப் பேசினால் உங்கள் கட்டுரை இன்னும் நன்றாகவே இருக்கும், விடத்தான் மனம் வரவில்லை. டேஸ்ட் பெயரில் சிங்கிள் வந்திருக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆறுகம்பி:
டேஸ்ட் காலத்துக் கசப்பில்தான் பிறகு வேண்டாம் என்றார். அரைகுறையாகப் படித்துவிட்டு வராதீர்கள். ஹெண்ட்ரிக்ஸ் சொல்லவே இல்லை என்பதற்கு உங்களிடம் ஆதாரம் இருக்கிறதா? அவர் கூடவே சுற்றினீர்களா?

ஆதாரம்_எங்கே:
சொல்லவில்லை என்பதற்கு நான் ஆதாரம் தர வேண்டுமா! சரி, ஹெண்ட்ரிக்ஸ் என் பெயரையும் சொன்னார். இல்லை என்று நிரூபியுங்கள்.

ட்யூப்_ஆம்ப்:
உங்களுக்கு வாசிக்கத் தெரியுமா?

ஆதாரம்_எங்கே:
தொடங்கிவிட்டார்.

சும்மா_வந்தவன்:
ஐரிஷ் டூர் முதல் இரண்டு பாட்டு கேட்டேன். இரண்டாவதில் கிட்டார் அபாரம். ஹெண்ட்ரிக்ஸ் இவரைப் பற்றி ஏதோ சொன்னாராமே, அது எந்தப் பேட்டி?

ஆறுகம்பி:
முதல் பக்கத்திலிருந்து படியுங்கள். நாளை ரோட்டர்டாம் பற்றி விரிவாக எழுதுகிறேன்.

ஆதாரம்_எங்கே:
ரோட்டர்டாம் வேண்டாம். நிகழ்ச்சியின் பெயர், ஆண்டு. இரண்டு மட்டும்.

பழைய_இசைத்தட்டு:
கேரி மூருக்கு யாரும் பதில் சொல்லவில்லை.