எல்.எல்.எம். முடித்தால் இங்கிலாந்தில் சொலிசிட்டர் ஆகிவிடலாமா? கையில் ஆறு மாதம்தான் இருக்கிறது

பொருநைக்கரை (14 மார்ச் 2026)

வணக்கம். எனக்கு ஊர் பாளையங்கோட்டை. ஐந்து வருட பி.ஏ. எல்.எல்.பி. முடித்து, தமிழ்நாடு பார் கவுன்சிலில் பதிவு செய்து, அகில இந்திய பார் தேர்விலும் தேறிவிட்டேன். அப்புறம் ஒரு சீனியரிடம் 14 மாதம் ஜூனியர். வாய்தா வாங்குவது, மனு தயார் செய்வது, கட்டு தூக்கிக்கொண்டு கோர்ட்டுக்கும் ஆபீஸுக்கும் நடப்பது என்று போனது. போன செப்டம்பரில் கவென்ட்ரிக்கு வந்து எல்.எல்.எம். (சட்ட முதுகலை) படிக்கிறேன். வரும் செப்டம்பரில் முடிகிறது.

"அங்கே எல்.எல்.எம். முடித்தால் அங்கேயே சொலிசிட்டராக, அதாவது அந்த ஊர் வக்கீலாகப் பதிவு செய்துகொள்ளலாம்" என்று சொல்லித்தான் ஊரில் கன்சல்டன்சிக்காரர்கள் அனுப்பினார்கள். போன வாரம் பல்கலைக்கழக வேலைவாய்ப்பு அலுவலகத்தில் கேட்டேன். அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்றார்கள். அன்றிலிருந்து சரியாகத் தூக்கம் இல்லை. அப்பா போக்குவரத்துக் கழகத்தில் ஓய்வு பெற்றவர். வீட்டுப் பத்திரத்தை வைத்து 18 லட்சம் கடன் வாங்கியிருக்கிறோம். அம்மாவிடம் இதை இன்னும் சொல்லவில்லை.

இப்போது ஒரு கல்லூரி, சொலிசிட்டர் ஆவதற்கான எஸ்.க்யூ.இ. தேர்வுப் பயிற்சியோடு சேர்த்து இன்னொரு எல்.எல்.எம். தருகிறோம் என்கிறது. அதில் சேரலாமா? டிரெய்னிங் கான்ட்ராக்டுக்கு (சட்ட நிறுவனத்தில் சம்பளத்தோடு பயிற்சி) முயற்சி செய்வதா, பாராலீகல் (சொலிசிட்டருக்கு உதவியாளர்) வேலை தேடுவதா? ஊரில் செய்த 14 மாதத்துக்கு இங்கே ஏதாவது மதிப்பு உண்டா? இந்த வழியில் வந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

ஈஸ்ட்ஹாம்_தம்பி

அக்கா, ரெயினிங் கொன்ட்ராக்ட் பற்றி மட்டும் எனக்குத் தெரியும், நான் இப்ப அதில்தான் இருக்கிறேன். லண்டன் சிற்றியில் உள்ள பெரிய சட்ட நிறுவனங்கள் இரண்டு வருடம் முந்தியே ஆள் எடுக்கும். இன்றைக்கு விண்ணப்பித்தால் 2028இல்தான் வேலை தொடங்கும். எடுத்தால் எஸ்.க்யூ.இ. படிப்புக்கும் பரீட்சைக்கும் அவையே காசு கட்டும், விசாவுக்கு ஸ்பொன்சரும் செய்யும். நான் 31 விண்ணப்பம் போட்டு இரண்டு நேர்முகத்துக்குப் போனேன். போடுங்கோ, ஆனால் அதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் ஒரு முழு வார இறுதி போய்விடும்.

குளச்சல்காரி

தங்கச்சி, எல்.எல்.எம். படித்தது வீண்போகாது. அந்தப் படிப்பால்தான், படிப்பு முடிந்தும் இங்கே தங்கி வேலை பார்க்க உங்களுக்குக் கிராஜுவேட் விசா கிடைக்கப் போகிறது. சொலிசிட்டர் ஆவதற்கு மட்டும் அது கணக்கில் வராது. அம்மாவிடம் இப்படியே சொல்லுங்கள், பாதி பாரம் இறங்கிவிடும்.

நான் ஹாரோவில் ஒரு சிறிய நிறுவனத்தில் சொத்துப் பத்திர வேலை பார்க்கும் சொலிசிட்டர். 2017இல் கணவரோடு வந்தேன். ஊரில் எல்.எல்.பி. முடித்திருந்தேன், பார் கவுன்சிலில் பதிவு செய்யவில்லை. கல்யாணம் கூடிவந்தது, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டில் சொன்னார்கள். அந்த ஒரு பதிவு இல்லாததால் எனக்கு இரண்டு ஆண்டு கூடுதலாகப் போனது. உங்களிடம் அது இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இங்கே சொலிசிட்டர்களைப் பதிவு செய்யும் அமைப்பு எஸ்.ஆர்.ஏ. 2021 செப்டம்பரில் அவர்கள் வழியை மாற்றினார்கள். இப்போது நான்கு கேட்கிறார்கள்: ஏதாவது ஒரு பட்டம், எஸ்.க்யூ.இ. தேர்வின் இரண்டு கட்டங்களிலும் தேர்ச்சி, இரண்டு ஆண்டு சட்ட வேலை அனுபவம், நன்னடத்தை. ஆனால் வேறு நாட்டில் ஏற்கெனவே வக்கீலாகப் பதிவு செய்தவர்களுக்கு அந்த இரண்டு ஆண்டு அனுபவம் கட்டாயமில்லை. உங்கள் பதிவும் பார் தேர்வுத் தேர்ச்சியும் அங்கேதான் கைகொடுக்கும். இந்த ஒன்றை எஸ்.ஆர்.ஏ. இணையதளத்தில் நீங்களே உட்கார்ந்து படித்துவிடுங்கள். யார் சொல்வதையும், நான் சொல்வதையும் சேர்த்துத்தான், அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒருமுறை பட்டுவிட்டீர்கள்.

இன்னொரு எல்.எல்.எம். வேண்டாம். எஸ்.க்யூ.இ. எழுத எந்தக் கல்லூரியிலும் சேர்ந்திருக்க வேண்டும் என்ற விதியே கிடையாது. பயிற்சியைப் பட்டத்தோடு சேர்த்து விற்பதற்குக் காரணம் உண்டு. இந்த நாட்டு மாணவர்களுக்கு அரசு தரும் முதுநிலைக் கடன், பட்டப்படிப்பு என்றால்தான் கிடைக்கும். அந்தக் கடனுக்காக அவர்கள் அதில் சேர்கிறார்கள். நமக்கு அந்தக் கடன் இல்லை. கையில் பட்டமும் இருக்கிறது. அப்புறம் எதற்கு இன்னொன்று? தேர்வுக் கட்டணமே 2025-26இல், முதல் கட்டத்துக்கு 1,934 பவுண்டு, இரண்டாம் கட்டத்துக்கு 2,974 பவுண்டு. ஐந்தரை லட்சத்துக்கு மேல் ஆகிறது. ஆண்டுதோறும் அதுவும் கூடிக்கொண்டே போகிறது. இருக்கும் பணத்தை அதற்கு வைத்துக்கொள்ளுங்கள். புத்தகமும் நல்ல கேள்வி வங்கி ஒன்றும் போதும்.

முதல் கட்டத்தில் இரண்டு தாள். ஒவ்வொன்றிலும் 180 கேள்வி, ஐந்து விடையில் சிறந்த ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 90 கேள்விக்கு 153 நிமிடம், அப்புறம் இடைவேளை, மறுபடி 90. ஒரு கேள்விக்கு ஒன்றே முக்கால் நிமிடம்கூட முழுதாக இல்லை. தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள், அதனால் ஒன்றையும் விடாதீர்கள். ஆறு ஆண்டுக்குள் மூன்று முறைதான் எழுதலாம். 2025 ஜூலையில் எழுதியவர்களில் 41 சதவீதம்தான் தேறினார்கள். எல்லோரும் படித்தவர்கள்தான்.

நான் முதல் முறை இரண்டாம் தாளில் தவறிவிட்டேன். ஏன் என்று ரொம்ப நாள் யோசித்தேன். இந்தியச் சட்டம் படித்தவர்களுக்கு அடிப்படை தெரியும், அந்த அடிப்படையே சில இடங்களில் காலை வாரிவிடும். ஒப்பந்தச் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சின்னையா எதிர் ராமய்யா நினைவிருக்கிறதா? 1882, நம் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு. மறுபயன், அதாவது வாக்குறுதிக்குப் பதிலாகக் கொடுப்பது, மூன்றாம் ஆளிடமிருந்து வந்தாலும் செல்லும். இங்கே அது செல்லாது, வாக்குறுதி பெற்றவரே கொடுத்திருக்க வேண்டும். திருட்டும் அப்படித்தான். விமானத்தைக் கொஞ்ச நேரத்துக்கு எடுத்துப் போனதையே 1957இல் நம் உச்ச நீதிமன்றம் திருட்டு என்றது. இங்கே 1968ஆம் ஆண்டுத் திருட்டுச் சட்டத்தில், திரும்பத் தராமலே வைத்துக்கொள்ளும் எண்ணம் இருந்தால்தான் திருட்டு. கேள்வியைப் படித்ததும் கை தானாக ஊர் விடைக்குப் போகும். ஐந்து விடையில் அதுவும் ஒன்றாக இருக்கும்.

நிலச் சட்டம் எனக்குப் படிப்பில் ஏறவில்லை, வேலையில்தான் ஏறியது. பாராலீகலாகச் சேர்ந்த முதல் வாரம், என் மேலாளர் நிலப் பதிவேட்டின் நான்கு பக்க நகல் ஒன்றை நீட்டி, "இந்த வீட்டை வாங்கலாமா, பார்" என்றார். புரட்டிப் பார்த்துவிட்டு, மூலப் பத்திரம் எங்கே என்று கேட்டேன். நம் ஊரில் முப்பது வருடப் பத்திரத்தையும் வரிசையாகப் பார்த்து, ஈ.சி. போட்டு, பட்டா யார் பேரில் என்று விசாரிக்காமல் யாரும் முன்பணம் கொடுப்பார்களா? அவர் விரலை வைத்துக் காட்டினார். ஏ பகுதி, எந்த இடம். பி பகுதி, யாருக்குச் சொந்தம். சி பகுதி, அதன் மேல் என்ன சுமை. அந்த சி பகுதியில் ஒரு வங்கியின் பேரும் தேதியும் இருந்தது. அடடா, இது நம் வில்லங்கம் என்று அந்த நொடியில் புரிந்தது. நம் ஊரில் பதிவாவது பத்திரம்தான், உரிமையை நாம்தான் தேடி நிறுவ வேண்டும். இங்கே அந்தப் பதிவேடே உரிமை, அரசே அதற்குப் பொறுப்பு. இது புரிந்த பிறகு நிலச் சட்டக் கேள்விகள் எனக்கு எளிதாகிவிட்டன. அடுத்த முறை இரண்டாம் தாளை மட்டும் எழுதித் தேறினேன்.

அதனால் அனுபவம் கட்டாயமில்லை என்றாலும் பாராலீகல் வேலை தேடுங்கள். சொலிசிட்டர் பதிவேட்டில் பேர் ஏறிவிடும், ஆனால் நேர்முகத்தில் "இந்த நாட்டில் என்ன கோப்பு பார்த்தாய்" என்றுதான் கேட்பார்கள். இப்போதே பல்கலைக்கழகச் சட்ட உதவி மையத்தில் பேர் கொடுங்கள். உங்கள் விசாவில் வாரம் 20 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம். எல்.எல்.எம். ஆய்வுக் கட்டுரை எழுதும் கோடைக்காலமும் படிப்புக் காலம்தான், விடுமுறை என்று நினைத்து முழுநேரம் போய்விடாதீர்கள். சட்ட உதவி மைய வேலை அந்தக் கணக்கில் வருமா என்று விசா அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

வேலையில் சேர்ந்ததும் ஒரு நோட்டு போடுங்கள். நான் வெள்ளிக்கிழமைதோறும் மாலை கிளம்பும் முன் பத்து வரி எழுதுவேன். கோப்பு எண், என்ன வேலை, யார் சரிபார்த்தார்கள். கட்சிக்காரர் பேர் ஒருநாளும் எழுதியதில்லை. முதல் நிறுவனத்தில் 11 மாதம் ஆனபோது என்னைப் பார்த்துக்கொண்ட சொலிசிட்டர் விலகிப் போய்விட்டார். என் வேலை அனுபவத்தை உறுதி செய்து கையெழுத்துக் கேட்டபோது புதிதாக வந்தவர், "உங்கள் வேலையை நான் பார்த்ததில்லை, எப்படிக் கையெழுத்துப் போடுவது" என்றார். உண்மையில் அந்தக் கையெழுத்து நம் திறமைக்குச் சான்று அல்ல. இவ்வளவு காலம் இன்ன வேலை செய்ய வாய்ப்புக் கிடைத்தது என்று உறுதி செய்வது மட்டும்தான். அதை அவரிடம் எடுத்துச் சொல்லி, நோட்டைக் காட்டி, நிறுவனத்தின் விதிமுறைப் பொறுப்பாளர் கோப்பு எண்களை ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்துக் கையெழுத்துப் போட நான்கு மாதம் ஆனது. அந்த நோட்டு இல்லையென்றால் 11 மாதமும் போயிருக்கும். இன்றும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

கடைசியாக விசா. இதில் ஒரு தேதி இருக்கிறது, தவற விடாதீர்கள். கிராஜுவேட் விசாவுக்கு 2026 டிசம்பர் 31க்குள் விண்ணப்பித்தால் இரண்டு ஆண்டு. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதம்தான். நீங்கள் படிப்பை முடித்துவிட்டதாகப் பல்கலைக்கழகம் உள்துறை அமைச்சகத்துக்குத் தெரிவித்த பிறகுதான் விண்ணப்பிக்க முடியும். செப்டம்பரில் கட்டுரை கொடுத்தால் முடிவு எப்போது வரும் என்று இப்போதே கேளுங்கள். கட்டுரைக்குக் காலநீட்டிப்பு மட்டும் கேட்டுவிடாதீர்கள். ஹெல்த் சர்சார்ஜ் (விசாவோடு கட்டும் மருத்துவக் கட்டணம்) ஆண்டுக்கு 1,035 பவுண்டு, இரண்டு ஆண்டுக்கும் சேர்த்து முன்கூட்டியே கட்ட வேண்டும். அதையும் எடுத்து வையுங்கள்.

குரொய்டன்_சட்டத்தரணி

தங்கச்சி, நான் இலங்கையில் ஆறு வருடம் சட்டத்தரணியாக இருந்துவிட்டு வந்தவன். குளச்சல் சகோதரி சொன்னது முழுக்கச் சரி. இரண்டு விடயம் சேர்க்கிறேன்.

ஊரில் உங்கள் பதிவு இப்பவும் செல்லுபடியாகும், உங்கள் மேல் முறைப்பாடு ஒன்றும் இல்லை என்று கடிதம் கேட்பார்கள். எனக்குக் கொழும்பிலிருந்து அது வந்துசேர மூன்று மாதம் எடுத்தது. யாரையாவது அனுப்பி இப்பவே விண்ணப்பத்தைப் பற்றி விசாரிக்கச் சொல்லுங்கோ.

இரண்டாம் கட்டத்துக்கு விலக்கு கேட்க இரண்டு வருடத் தொழில் அனுபவமாவது வேண்டும், உங்களுக்கு 14 மாதம்தான். கவலைப்பட வேண்டாம். எனக்கு வருடங்கள் இருந்தும் நான் விலக்கு கேட்காமல் எழுதினேன், அதில் படித்தது நிறைய. 16 பகுதி, 12 எழுத்து, 4 வாய்மொழி. கட்சிக்காரரைச் சந்திக்கும் பகுதியில் ஒரு நடிகர் வந்து முன்னால் இருப்பார். 25 நிமிடம். எங்கள் ஊரில் கட்சிக்காரர் வாய் திறக்க முன்னமே நாங்கள் ஆலோசனை சொல்லத் தொடங்கிவிடுவோம். இங்கே அந்த நடிகர்தான் எங்களுக்குப் புள்ளி போடுகிறார். இந்த ஆளை நம்பி என் பிரச்சினையைக் கொடுக்கலாமா என்பதுதான் அவர் பார்ப்பது. நான் என் மனைவியை எதிரில் இருத்தி, இடையில் பேசாமல் கேட்கப் பழகினேன். முதல் ஐந்து நிமிடம் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டால், அவர்களாகவே முக்கியமானதைச் சொல்லிவிடுவார்கள்.

பொருநைக்கரை

எல்லோருக்கும் நன்றி. நேற்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி, அடுத்து என்ன செய்யணும்னு சொல்லு" என்றாள். அப்பா அடுத்த வாரம் சென்னைக்குப் போய், உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் பார் கவுன்சில் அலுவலகத்தில் கடிதம் பற்றிக் கேட்டு வருகிறார். சட்ட உதவி மையத்திலும் பேர் கொடுத்துவிட்டேன். வீட்டு வாடகைப் பிரச்சினைகள் பார்க்கும் பிரிவு. கட்டுரை முடிவு நவம்பர் நடுவில் வரும் என்கிறார்கள்.

அக்கா, ஒன்றே ஒன்று. ஜனவரி 2027 தேர்வை எழுதிவிடலாமா, ஜூலை வரை பொறுப்பதா? விசா ஓடிக்கொண்டே இருக்குமே என்று பயமாக இருக்கிறது.

குளச்சல்காரி

அம்மா கெட்டிக்காரி. நவம்பரில் முடிவு வந்த வாரமே விசாவுக்கு விண்ணப்பித்துவிடுங்கள்.

தேர்வுக்கு ஜனவரியையே குறி வையுங்கள். செப்டம்பரில் கட்டுரை கொடுத்த மறுநாள் தொடங்கினால் நான்கு மாதம் கிடைக்கும். ஜனவரியில் தேறினால் 2027க்குள்ளேயே இரண்டாம் கட்டத்தையும் எழுதிவிடலாம், வேலை விசாவுக்கு ஸ்பான்சர் செய்யும் நிறுவனத்தைத் தேட முழுதாக ஓராண்டு மிஞ்சும். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு போகாதீர்கள். பணம் கட்டும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடிகாரம் வைத்து 90 கேள்வி, இடைவேளை, மறுபடி 90 என்று வீட்டிலேயே எழுதிப் பாருங்கள். பாதிக்கு மேல் தட்டுத் தடுமாறினால் ஜூலைக்குப் போங்கள். மூன்று வாய்ப்பில் ஒன்றை அவசரத்துக்குக் கொடுக்க வேண்டாம். வாடகைப் பிரிவு கிடைத்தது ரொம்ப நல்லது. நிலச் சட்டத்தை அங்கிருந்தே தொடங்குங்கள். முதல் கோப்பு வந்ததும் சி பகுதியைப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.