'ஸ்வீட்ஹார்ட் ஒஃப் த ரோடியோ': இதில் ரொக் எங்கே இருக்கிறது?

உப்புவெளி_ஆறுதந்தி:

உப்புவெளியில் ஒரு ஹோட்டலில் சனி இரவுகளில் வாசிக்கிறோம், மூன்று பேர்தான், கிற்றார், பேஸ், ட்ரம்ஸ். சீசனில் வருகிறவர்களில் முக்கால்வாசி வெளிநாட்டவர், ஈகிள்ஸ் கேட்பார்கள், ஜோன் டென்வர் கேட்பார்கள். கொழும்பிலிருந்து குடும்பமாக வருகிறவர்கள் ஜிம் ரீவ்ஸ் ஒன்றிரண்டு பாடாமல் எங்களை விடமாட்டார்கள். அண்மையில் ஒரு வயதான அமெரிக்கர் இடைவேளையில் வந்து கதைத்தார். ஈகிள்ஸ் எல்லாம் சரி, ஆனால் அதற்கெல்லாம் மூலம் 1968இல் பேர்ட்ஸ் குழு போட்ட 'ஸ்வீட்ஹார்ட் ஒஃப் த ரோடியோ', அதைக் கேட்காமல் இதை வாசிக்கக் கூடாது என்று ஒரே பிடியாகச் சொல்லிவிட்டுப் போனார்.

கேட்டேன். பாட்டுகள் பிடித்திருக்கின்றன, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் இதில் ரொக் எங்கே? கன்ட்ரி ரொக்கின் தொடக்கம் என்று போகிற இடமெல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள், எனக்குக் கேட்பதோ பான்ஜோ, பிடில், ஸ்டீல் கிற்றார் (உலோகக் கட்டையால் தந்தியில் வழுக்கி வாசிப்பது), ஜெபக்கூட்டத்தில் பாடுகிற மாதிரி ஒரு பாட்டு. அப்பாவின் ஜிம் ரீவ்ஸ் கசெட்டுகள்கூட இதைவிடப் புதுசாகக் கேட்கின்றன. 1965இல் 'மிஸ்டர் டம்பரீன் மேன்' பாடியதும் இதே குழுதானே, அந்த 12 தந்திக் கிற்றார் சத்தம் இங்கே கிட்டத்தட்டக் காணோம். விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அப்புறம், ஸ்டீல் கிற்றார் இல்லாமல் மூன்று பேர் சமாளிக்கக்கூடிய பாட்டு இதில் ஏதாவது உண்டா?

உவர்மலையான்:

தம்பி, அப்பாவின் ஜிம் ரீவ்ஸ் புதுசாகக் கேட்கிறது என்று எழுதினீர்களே, உங்கள் கேள்விக்குப் பதில் அதற்குள்ளேயே கிடக்கிறது. இங்கே நாங்கள் கன்ட்ரி என்று கேட்டு வளர்ந்தது பெரும்பாலும் 'நாஷ்வில் சவுண்ட்', கன்ட்ரியின் தலைநகரான நாஷ்வில்லின் பாணி. 1950களில் ரொக் அண்ட் ரோல் வந்து கன்ட்ரியின் விற்பனையை அடித்துப் போட்டதும், செட் அட்கின்ஸ் போன்ற தயாரிப்பாளர்கள் பிடிலையும் ஸ்டீலையும் பின்னுக்குத் தள்ளி, வயலின் கூட்டமும் கோரஸும் சேர்த்து, பட்டணத்து ஆட்களும் கேட்கும்படி வழவழப்பாக்கினார்கள். அந்த வழவழப்பின் உச்சம் ரீவ்ஸின் குரல். பேர்ட்ஸ் 1968இல் போனது அதற்கு நேர் எதிர்ப்பக்கம். நீங்கள் சொன்ன ஜெபக்கூட்டப் பாட்டு 'த கிறிஸ்டியன் லைஃப்', லூவின் சகோதரர்களுடையது, 50களின் பாட்டு. 'பிரிட்டி போய் ஃப்ளொய்ட்' நாட்டுப்பாடகர் வுடி கத்ரியுடையது, இன்னும் பழசு. 'லைஃப் இன் பிரிசன்' மேர்ள் ஹகார்டுடையது, அவர் அப்போது நடப்பில் இருந்தவர்தான், ஆனால் கலிபோர்னியாவின் பேக்கர்ஸ்ஃபீல்ட் பக்கத்துக் கரடுமுரடான ஆள். நாஷ்வில் மூடி மறைக்கப் பார்த்ததைத்தான் இவர்கள் தேடிப் போய் எடுத்தார்கள். அதனால்தான் உங்கள் காதுக்கு 1968இன் இந்த அல்பம் அதற்கு முந்திய ரீவ்ஸைவிடப் பழசாகத் தெரிகிறது.

இதில் ரொக் எங்கே என்றால், யார் எப்போது செய்தார்கள் என்பதில் இருக்கிறது. வியட்நாம் சண்டை உச்சத்தில், மற்ற ரொக் குழுக்கள் சைக்கடெலிக் சத்தத்தில் மூழ்கியிருந்த வருடம் அது. கன்ட்ரி என்பது அப்பா அம்மாவின் இசை, நீளமயிர்ப் பெடியன்களைக் கண்டால் ஆகாதவர்களின் இசை. பேர்ட்ஸின் தலைவர் ரொஜர் மக்குயின் முதலில் திட்டமிட்டது 20ஆம் நூற்றாண்டு அமெரிக்க இசை முழுவதையும் காட்டுகிற ஒரு இரட்டை அல்பம். 1968 பெப்ரவரியில் கிராம் பார்சன்ஸ் என்று 21 வயது ஆளைச் சேர்த்தார்கள், அவர் வந்த வேகத்தில், ஏற்கனவே புளூகிராஸ் என்ற பழைய கன்ட்ரி வகையில் ஊறியிருந்த பேர்ட்ஸின் பேஸ்காரர் கிறிஸ் ஹில்மனையும் துணைக்கு வைத்துக்கொண்டு, வண்டியை அப்படியே நாஷ்வில் பக்கம் திருப்பிவிட்டார். மார்ச் மாதம் நாஷ்வில்லின் பேர்பெற்ற கன்ட்ரி வானொலி நிகழ்ச்சியான கிராண்ட் ஓல் ஒப்ரி மேடையில் ஏறினார்கள். சபை சினேகமாக இல்லை. ஹகார்டின் பாட்டு இரண்டு என்று ஏற்பாடு, பார்சன்ஸ் இரண்டாவதை மேடையிலேயே மாற்றி, பாட்டிக்காக என்று சொல்லித் தன்னுடைய 'ஹிக்கரி விண்ட்' பாடினார். ஒப்ரிக்காரருக்கு அது பெரிய மரியாதைக்குறைவு. ரல்ஃப் எமரி என்ற பேர்பெற்ற வானொலி அறிவிப்பாளரும் தன் நிகழ்ச்சியில் இவர்களை மட்டம் தட்டி அனுப்பினார், அந்தக் கோபத்தில் மக்குயினும் பார்சன்ஸும் அவரைப் பற்றியே ஒரு பாட்டு எழுதினார்கள், அது அடுத்த அல்பத்தில் வந்தது.

கன்ட்ரி ஆட்களும் சேர்க்கவில்லை, ரொக் ரசிகர்களும் வாங்கவில்லை. பில்போர்ட் விற்பனைப் பட்டியலில் 77ஆம் இடத்தைத் தாண்டவில்லை, அதுவரை அந்தக் குழு போட்ட அல்பங்களில் அதுதான் ஆகக் கீழான இடம்.

மூன்றாம்கட்டை:

உவர்மலை அண்ணை சொன்ன வரலாறு சரி, ஆனால் முடிவோடு எனக்கு உடன்பாடில்லை. யார் செய்தார்கள் என்பதை வைத்து ஒரு அல்பத்தை ரொக் என்று சொல்ல முடியாது, காதில் விழ வேண்டும். உப்புவெளித் தம்பியின் காது சரியாகத்தான் வேலை செய்கிறது. இதில் ஓரளவுக்கு ரொக் என்று சொல்லத்தக்கது 'வன் ஹண்ட்ரட் இயர்ஸ் ஃப்ரொம் நவ்' ஒன்றுதான். பதிவுக்கு வந்து வாசித்த கிளாரன்ஸ் வைட்டின் எலெக்ட்ரிக் கிற்றார் அதில் எப்படிக் குறுக்கே வந்து போகிறது என்று ஹெட்போனில் கேளுங்கள். மற்றதெல்லாம் பக்திசிரத்தையாகச் செய்த கன்ட்ரி.

முதல் கன்ட்ரி ரொக் அல்பம் இதுதான் என்பதும் அவ்வளவு சுலபமாகச் சொல்லக்கூடியதில்லை. பார்சன்ஸே முந்தி இருந்த இன்டர்நேஷனல் சப்மரீன் பேண்ட், 'சேஃப் அட் ஹோம்' என்று ஒன்றை 1967இல் பதிவு செய்து இதற்குச் சில மாதம் முன்னரே வெளியிட்டது. பொப் டிலன் 1967 கடைசியில் நாஷ்வில்லில் பதிவு செய்த 'ஜோன் வெஸ்லி ஹார்டிங்' இருக்கிறது. பேர்ட்ஸுடைய 1967 அல்பத்திலேயே ஹில்மனின் பாட்டுகளில் கன்ட்ரி வாடை அடிக்கும். பெரிய பெயருள்ள ஒரு ரொக் குழு ஒரு முழு அல்பத்தையும் இதற்கென்றே கொடுத்தது என்பதுதான் ஸ்வீட்ஹார்ட்டின் பெருமை, அதை நான் குறைக்கவில்லை.

ஆனால் கன்ட்ரியும் ரொக்கும் உண்மையிலேயே ஒன்றாகக் கலந்த சத்தம் வேண்டுமென்றால், பார்சன்ஸும் ஹில்மனும் பேர்ட்ஸை விட்டு வந்து 1969இல் ஃப்ளையிங் பரிட்டோ பிரதர்ஸ் என்ற பெயரில் போட்ட 'த கில்டெட் பலஸ் ஒஃப் சின்' கேளுங்கள். ஸ்னீக்கி பீட் என்று ஒரு ஸ்டீல்காரர், பெடல் ஸ்டீலை (பெடலை மிதித்துச் சுரத்தை ஏற்றும் ஸ்டீல் கிற்றார்) சத்தத்தைக் கரகரப்பாக்கும் ஃபஸ் பெட்டிக்குள் விட்டு உறுமவைப்பார். அட்டைப்படத்தில் போட்டிருக்கிற பூவேலை உடுப்பை உற்றுப் பார்த்தால் பார்சன்ஸின் கோட்டில் கஞ்சா இலை, குளிசை எல்லாம் தைத்திருக்கும். அதுவும் விற்கவில்லை, 164ஆம் இடம். அந்தக் குழுவில் பிறகு சேர்ந்த பேர்னி லெடன்தான் ஈகிள்ஸின் ஆரம்ப உறுப்பினர்களில் ஒருவர். உங்கள் அமெரிக்கர் சொன்ன வம்சாவளி அந்த வழியால்தான் வருகிறது.

பழைய_சிற்றலை:

இரண்டு பேரும் பெரிய விஷயம் ஒன்றைத் தாண்டிப் போய்விட்டீர்கள். நாம் கேட்கிற அல்பம் பதிவானபோது இருந்த அல்பம் இல்லை. பார்சன்ஸ் முந்திய குழுவோடு லீ ஹேசல்வூட்டின் எல்எச்ஐ கம்பனிக்கு ஒப்பந்தத்தில் இருந்தவர். அவருடைய குரல் எங்களுக்குச் சொந்தம் என்று அந்தப் பக்கத்திலிருந்து வழக்கு மிரட்டல் வந்தது. அதனால் பார்சன்ஸ் பாடியிருந்த மூன்று பாட்டுகளில் அவர் குரலை எடுத்துவிட்டு வேறு குரல் போட்டார்கள்: 'த கிறிஸ்டியன் லைஃப்', 'யூ டோன்ட் மிஸ் யுவர் வோட்டர்', அப்புறம் மேலே சொன்ன 'வன் ஹண்ட்ரட் இயர்ஸ்'. முதல் இரண்டில் பாடுவது மக்குயின். அவர் தென்மாநில உச்சரிப்பை இழுத்து இழுத்துப் பாடுவது எனக்கு வேஷம் மாதிரித்தான் படுகிறது. சிலர் அதை நக்கல் என்கிறார்கள், எனக்கென்னவோ அவர் மெய்யாகவே முயற்சி செய்து சறுக்கியிருக்கிறார் என்றே தோன்றுகிறது. 2003இல் வந்த இரட்டை சிடிப் பதிப்பில் பார்சன்ஸ் பாடியவற்றைக் கேட்கலாம், வித்தியாசம் உடனே பிடிபடும்.

குரலை எடுத்ததில் தனக்குப் பெரிய வருத்தம் என்று பார்சன்ஸ் பிறகு சொல்லியிருக்கிறார், ஆனால் அல்பம் 1968 ஆகஸ்ட் 30 வெளிவருவதற்கு முன்னரே அவர் குழுவில் இல்லை. ஜூலையில் தென்னாபிரிக்காவுக்குச் சுற்றுப்பயணம் இருந்தது, இனஒதுக்கல் நாட்டில் வாசிக்க மாட்டேன் என்று லண்டனிலேயே நின்றுவிட்டார். கொள்கையா, புதிதாகக் கிடைத்த ரோலிங் ஸ்டோன்ஸ் கிற்றார்காரர் கீத் ரிச்சர்ட்ஸின் சினேகமா என்று ஹில்மனுக்கே சந்தேகம் இருந்தது. எது எப்படியோ, பார்சன்ஸ் 1973இல் 26 வயதில் போதையில் செத்துப்போனார். மொத்தம் ஐந்தாறு வருடம்தான் ஆடியிருக்கிறார், அதற்குள் இவ்வளவு.

பாலையூற்று_ட்ரம்ஸ்:

வாதம் நடக்கட்டும், தம்பி கேட்ட கடைசிக் கேள்விக்கு ஒருவரும் பதில் சொல்லவில்லையே!

முதல் பாட்டை எடுங்கள், 'யூ எய்ன்ட் கோயின் நோவெயர்'. டிலன் எழுதியது. ஜி, ஏ மைனர், சி, மறுபடி ஜி, தொடக்கத்திலிருந்து கடைசிவரை இந்தச் சுற்றுத்தான், கோரஸுக்கும் அதே. வெளிநாட்டுக்காரர் கூடவே பாடுவார்கள். (இதில் ஒரு பகிடி: மக்குயின் ஒரு வரியில் இரண்டு சொல்லை இடம்மாற்றிப் பாடிவிட்டார், டிலன் 1971இல் தானே பதிவு செய்தபோது பாட்டுக்குள்ளேயே மக்குயின் பெயரைச் சொல்லிக் குத்தினார்.) ஆரம்பத்தில் வருகிற ஸ்டீல் நாஷ்வில் கலைஞர் லொயிட் கிரீன் வாசித்தது. எந்தெந்த இடத்தில் வாசிக்க வேண்டும் என்று அவர் கேட்டதற்கு எல்லா இடத்திலும் என்று பெடியன்கள் சொன்னார்களாம். நாஷ்வில்லில் அப்படி ஒருவரும் அவருக்குச் சொன்னதில்லை. ரொக் எங்கே என்று தேடுகிறவர்கள் அதையும் கணக்கில் எடுக்கலாம்.

ஸ்டீல் இல்லாவிட்டால் பரவாயில்லை. இரண்டாம் தந்தியில் ஒரு சுரத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு, மூன்றாம் தந்தியை மற்ற விரலால் ஒரு முழுச் சுரம் மேலே தள்ளுங்கள், இரண்டும் சேர்ந்து ஒலிக்கும்போது பெடலை மிதித்த மாதிரியே வரும். வொல்யூமை சின்ன விரலால் பூச்சியத்திலிருந்து கூட்டிக்கொண்டு வந்தால் இன்னும் நல்லது. கிளாரன்ஸ் வைட்டும் ஜீன் பார்சன்ஸும் (கிராமுக்கு உறவில்லை) இதற்கென்றே கிற்றாருக்குள் ஒரு பொறி செய்து வைத்தார்கள், கிற்றாரின் கழுத்தைக் கீழே அழுத்தினால் தோள்வார் இழுபட்டு பி தந்தி (இரண்டாம் தந்தி) ஒரு முழுச் சுரம் ஏறும். நமக்கு அது தேவையில்லை, மெல்லிய 0.009 அங்குலத் தந்தி செட் போட்டால் போதும். ஆனால் உப்புவெளிக் கடற்காற்றுக்குத் தந்தி கெதியாகத் துருப்பிடிக்கும், பழைய தந்தியில் தள்ளினால் மேடையிலேயே அறுந்துபோகும், வாசிக்கப் போகும் நாளில் புதுசு போடுங்கள்.

'ஹிக்கரி விண்ட்' ஆசைப்பட்டால், அது முக்கால் தாளம், வால்ஸ். உங்கள் ட்ரம்மர் எங்கட பக்கத்துக் கல்யாணவீடுகளில் பைலா வாசித்துப் பழகினவர் என்றால் கை தன்பாட்டில் ஆறெட்டுக்கு ஓடும். குச்சியை விட்டுவிட்டு பிரஷ் எடுக்கச் சொல்லுங்கள், இரண்டாம் மூன்றாம் அடியை லேசாகத் தொட்டால் போதும்.

உப்புவெளி_ஆறுதந்தி:

எல்லோருக்கும் நன்றி. மூன்றாம்கட்டை அண்ணை சொன்ன பரிட்டோ அல்பத்தை நேற்று இரவு கேட்டேன், அந்த ஃபஸ் ஸ்டீல் வந்ததும் எங்கள் பேஸ்காரர் எழும்பியே விட்டார். அது எனக்குக் கூடப் பிடித்திருக்கிறது, ஆனால் உவர்மலை அண்ணையின் விளக்கத்துக்குப் பிறகு ஸ்வீட்ஹார்ட்டும் வேறு மாதிரிக் கேட்கிறது. இரண்டாம் மூன்றாம் தந்தி வேலை பாதி வருகிறது, முழுச் சுரம் போய்ச் சேர முன்னரே நின்றுவிடுகிறது.

பாலையூற்று_ட்ரம்ஸ்:

ஒரு விரலால் தள்ளினால் அப்படித்தான். நடுவிரலையும் பின்னால் கொடுத்து இரண்டாகத் தள்ளுங்கள். எந்த ஹோட்டல் என்று சொல்லவில்லையே, தனிமடல் போடுங்கள், பிரஷ் என்னிடம் ஒரு சோடி சும்மா கிடக்கிறது, கொண்டுவருகிறேன்.