ஒளி மாசா, ஒளிமறுவா, வீண்வெளிச்சமா? வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

கொக்குவில், மொழிபெயர்ப்பாளர் (செவ்வாய் காலை)

எல்லோருக்கும் வணக்கம். இங்கே யாழ்ப்பாணத்தில் ஒரு உள்ளூராட்சிச் சபை வீதிவிளக்குக் கொள்கையைத் திருத்துகிறது. சோடியம் குமிழ்களைக் கழற்றி வெள்ளை எல்.ஈ.டி. பூட்டினார்கள். மின்கட்டணம் குறைந்தது. ஆனால் வெளிச்சம் படுக்கையறைக்குள் வருகிறது என்று முறைப்பாடு குவிந்துவிட்டது. ஆங்கில வரைவைத் தமிழாக்கும் வேலை என் தலையில். வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டும். லைற் பொலூஷன் (தேவையற்ற செயற்கை வெளிச்சத்தால் வரும் கேடு), கிளெயார் (கண்ணைக் கூசவைக்கும் ஒளி), ஸ்கை குளோ (ஊர் வெளிச்சத்தால் இரவு வானம் வெளுத்துத் தெரிவது), லைற் ட்ரெஸ்பாஸ் (வெளிச்சம் அடுத்தவர் வளவுக்குள் புகுவது) என நான்கு சொற்களில் தடக்கி நிற்கிறேன். முதலாவதற்கு ‘ஒளி மாசடைதல்’ என்று எழுதினேன், எழுதியதிலிருந்து மனம் ஒப்பவில்லை. மாசடைவது ஒளியா, வானமா?

வட்டுக்கோட்டை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர் (செவ்வாய் மதியம்)

தங்கச்சி, ஐயம் சரிதான். நீர் மாசடைதல் என்றால் நீர் எழுவாய், அழுக்காவது அதுவே. அதே அச்சில் ஒளி மாசடைதல் என்றால் பாவம், ஒளிதான் அழுக்காகிறது. ‘ஒளி மாசு’ என்று நிறுத்தினால் ஒளியால் உண்டாகும் மாசு, மூன்றாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை என்று சொல்லித் தப்பலாம். ஆனாலும் மாசு என்பது படிவது, கழுவினால் போவது. ‘மறு’ என்றொரு சொல் இருக்கிறதே. குறள் 957ஐப் பாருங்கள்: ‘விசும்பின் மதிக்கண் மறுப்போல்’. வானும் நிலவும் குறையும் ஒரே குறளில் வந்துவிட்டன. ‘ஒளிமறு’ என்பதே என் முடிவு.

இன்னொன்று. ஒளி என்றால் மறைதலும்தான். பிள்ளைகள் ஒளிச்சுப் பிடிச்சு விளையாடுகிறார்கள். வெளிச்சமும் மறைவும் ஒரே சொல்லுக்குள் எப்படி வந்தன? விண்மீன்களை ஒளித்துவைப்பது இந்த ஒளிதானே! நம் முன்னோருக்கு இது தெரிந்திருக்கிறது.

ஸ்காபரோ, கனடா (செவ்வாய் இரவு)

மாஸ்டர், முன்னோர் எல்.ஈ.டி.யைக் கண்டிருக்க மாட்டார்கள். ‘ஒளிமறு’ என்று துண்டுப்பிரசுரத்தில் போட்டால் சனம் அதை ஏவல்வினையாகத்தான் படிக்கும், ‘ஒளியை மறு’ என்று. சபை லைற்றை நிற்பாட்டப் போகிறது என்று அடுத்த நாளே வாசலில் நிற்பார்கள்.

இது லைற்றை நிற்பாட்டும் கதையே இல்லை. அரிசோனாவின் ஃபிளாக்ஸ்டாஃப் நகரம் 1958இலேயே விளம்பரத் தேடொளிகளைத் தடைசெய்தது, அங்குள்ள வானாய்வு நிலையங்களுக்காக. அந்த ஊர் இருட்டில் மூழ்கிவிடவில்லை. தேவையான இடத்துக்கு, தேவையான நேரத்துக்கு, தேவையான அளவு என்பதுதான் விஷயம். சொல்லும் அதைத்தான் காட்ட வேண்டும். ‘மிகையொளி’ எப்படி?

சாவகச்சேரி, மின் தொழில்நுட்பவியலாளர் (புதன்)

மிகையொளி என்றால் அளவு மட்டும்தான் வருகிறது. திசை முக்கியம் அண்ணை. குறைந்த வாற்றுக் குமிழாக இருந்தாலும் பக்கவாட்டிலும் மேலேயும் அடித்தால் பிழைதான். விளக்கின் கிடைமட்டத்துக்கு மேலே ஒளி போகாதபடி மறைப்பு வேண்டும். எங்கள் பொடியன்கள் அதைத் ‘தொப்பி’ என்கிறார்கள். அதற்கும் தமிழ் தேடி மினக்கெட வேண்டாம், தொப்பியே இருக்கட்டும். நிறமும் உண்டு: நீலம் கூடிய வெள்ளை ஒளி காற்றில் அதிகம் சிதறும். பகலில் வானம் நீலமாகத் தெரிவதற்கும் அந்தச் சிதறல்தான் காரணம். ஒளியின் நிறத்தைக் கெல்வினில் சொல்வோம், எண் கூடினால் நீலம் கூடும். 3000 கெல்வினுக்கு மேற்படாத மஞ்சள் சாயலே நல்லது.

ஒரு எச்சரிக்கை. கூட்டமொன்றில் ‘ஒளி மாசு’ என்று விளக்கினேன். பின்வரிசையில் ஒருவர் எழும்பி, கோயில் லவுட்ஸ்பீக்கரை எப்போது குறைப்பீர்கள் என்று கேட்டார். ளகரமா லகரமா என்பது மைக்கில் எங்கே தெரியப்போகிறது?

பருத்தித்துறை, பட்டதாரி ஆசிரியை (புதன் இரவு)

அப்படியென்றால் ‘வெளிச்சம்’ என்று சொல்லுங்கள். எங்கள் ஊரில் லைற்ஹவுஸ் கலங்கரை விளக்கம் அல்ல, வெளிச்சவீடு. கடற்றொழிலாளர் முறைப்பாட்டிலும் ‘வெளிச்சம் பாய்ச்சி மீன்பிடித்தல்’ என்றுதான் வரும். ‘வீண்வெளிச்சம்’ என்றால் அம்மம்மாவுக்கும் விளங்கும். ட்ரெஸ்பாஸுக்கு ‘வெளிச்ச அத்துமீறல்’. சட்டத் தமிழிலும் அத்துமீறல்தான், வேலி வழக்குப் பேசிய ஊருக்கு விளக்கம் வேண்டியதில்லை. கிளெயாருக்குக் கண்கூச்சம். ஸ்கை குளோவுக்கு ‘வான் வெளிறல்’.

வட்டுக்கோட்டை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர் (வியாழன் காலை)

கலங்கரை விளக்கத்தைத் தள்ளாதீர்கள் பிள்ளை. சிலப்பதிகாரச் சொல் அது. கரைதல் என்றால் அழைத்தல், காகம் கரைகிறது என்கிறோமே. கலங்களைக் கூப்பிடும் விளக்கு! அழைக்கும் ஒளிக்கு ஒரு பெயர் வைத்தவர்கள் அழைக்காமல் வரும் ஒளிக்கு...

(இந்த மடல் இன்னும் பதினொரு பத்தி நீளம். கரைதல், கரை, கரையான் வரை போகிறது. நேரமுள்ளவர்கள் படிக்கலாம்.)

லண்டன், கணினிப் பொறியாளர் (வியாழன்)

தூய்மை பேசுவோருக்கு ஒரு சொல். மானிப்பாயில் அமெரிக்க மிஷனரி கிறீன் வைத்தியர் 19ஆம் நூற்றாண்டில் தமிழில் மருத்துவம் படிப்பித்தபோதும் இதே சிக்கல்தான். சொல் அழகாக இருந்ததாலா மாணவர் படித்தார்கள்? நாங்கள் பௌதிகவியல் என்கிறோம், அக்கரையில், தமிழ்நாட்டில், இயற்பியல். இரண்டு கரையிலும் இலத்திரன் எலக்ட்ரான் சண்டை ஓய்ந்தபாடில்லை. ‘ஒளி மாசு’ இரு கரையிலும் பத்திரிகையில் வந்துவிட்டது. தேடுபொறியில் போட்டால் கிடைக்கும். வீண்வெளிச்சம் கிடைக்காது.

நல்லூர், இல்லத்தரசி (வியாழன் இரவு)

நான் வழக்கமாக எழுதுவதில்லை. தொண்ணூறுகளின் முதற்பாதியில் இங்கே மின்சாரம் இல்லை. ஜாம் போத்தல் விளக்கில்தான் ஓ.எல். படித்தேன். அந்த வானம் நினைவிருக்கிறது, பால்வீதி கிணற்றடியிலிருந்தே தெரியும். ஆனால் அந்த இருட்டு எங்களுக்கு வேறு பல விஷயங்களும்தான். வீதிவிளக்கு வந்த நாளில் தெருவில் பிள்ளைகள் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. அந்தத் தலைமுறையிடம் போய் விளக்கை ‘மாசு’ என்று சொல்வீர்களா? வீண் என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்வோம். வீணாக்குவது எங்களுக்குப் பிடிக்காது.

கொக்குவில், மொழிபெயர்ப்பாளர் (வெள்ளி, பின்னேரம் 4 மணி)

அக்கா, உங்கள் மடலை மூன்று தரம் படித்தேன். அனுப்பிவிட்டேன். கொள்கைத் தலைப்பில் ‘ஒளி மாசு’, ஏழு பேர் அதற்கே கை உயர்த்தினீர்கள், அரைமனதோடு. வரைவிலக்கணப் பிரிவில் ‘தேவையற்ற இடத்தில், நேரத்தில், அளவில் விழும் வீண்வெளிச்சம்’. வீட்டுக்கு வீடு கொடுக்கும் துண்டுப்பிரசுரத்தில் மாசு என்ற சொல்லே இல்லை. கண்கூச்சம், அத்துமீறல், வான் வெளிறல், தொப்பி நான்கும் எதிர்ப்பின்றி நின்றன. தொப்பிக்கு மட்டும் சபைச் செயலாளர் மேற்கோள்குறி போடச் சொன்னார்.

வட்டுக்கோட்டை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர் (வெள்ளி இரவு)

என் மறுப்பைப் பதிவில் வையுங்கள். ஒளிமறு. அது கிடக்கட்டும், ‘ஒளி மாசு’ என்று பிரித்தா எழுதினீர்கள்? தொகையென்றால் சேர்த்தல்லவா எழுத வேண்டும்?